ஒன்பதாவது ட்ராக்

எட்டு ட்ராக் இருக்க வேண்டிய பாட்டில் ஒன்பது இருந்தது.

ஒலிப்பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினார். திரையில் ஒவ்வொன்றும் ஒரு பட்டை: மேலே பாடகியின் குரல், அதன் கீழே புல்லாங்குழல், வயலின்கள், கிட்டார், தாளங்கள். எல்லாம் அவர் கையால் பெயர் வைத்தவை. அவற்றுக்கெல்லாம் கீழே, வீட்டுக்குள் யார் என்று சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி, பெயரே இல்லாத ஒரு பட்டை. அதன் ஓரத்தில், ஒலியை அடைக்கும் மியூட் பொத்தான் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

“சாஃப்ட்வேர் மாத்தும்போது வந்த குளறுபடி” என்றார், யாரும் கேட்காமலே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் தலையாட்டினான். மனைவியின் தம்பி. இரண்டு வருடமாக ஸ்டுடியோவில் கூட இருக்கிறான். இத்தனை நாள் அவர்கள் பயன்படுத்திய ஒலிப்பதிவு மென்பொருளை இனிமேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று அதைச் செய்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வேறு இரண்டை இறக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படியும் பார்க்கத்தானே போகிறோம், மூன்றையும் ஒப்பிட்டு நம் சேனலுக்கு ஒரு வீடியோவாகவே போட்டுவிடலாம் என்பது மைத்துனனின் யோசனை. மூன்றுக்கும் பட்டப்பெயர்கூட வைத்துவிட்டான். பழசு ‘தாத்தா’: எல்லாம் சாம்பல் நிறம், பொடிப்பொடியான பொத்தான்கள், எது அமுங்கியிருக்கிறது என்று உற்றுப் பார்த்தாலும் தெரியாது, ஆனால் ஒருநாளும் பாதியில் படுத்ததில்லை. இரண்டாவது ‘மேனேஜர்’: கறுப்புத் திரை, வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நிறம், ஒன்றையும் மறைக்காது. மூன்றாவது ‘புதுப்பொண்ணு’: வெள்ளை வெளேரென்று ஒரே ஜன்னலில் எல்லாம். கேட்காததையும் எடுத்து நீட்டும்.

ஒப்பிட வேண்டுமானால் மூன்றிலும் ஒரே பாட்டைத் திறந்து பார்ப்பதுதான் நியாயம். ஸ்டுடியோவில் எத்தனையோ பாட்டு இருக்க, மைத்துனன் கைக்கு அந்தத் தாலாட்டுதான் அகப்பட்டது. சின்னப் பாட்டு அத்தான், செஞ்சு காட்ட வசதி என்றான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அவர் கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தாத்தாவில் எட்டுதான் இருந்தது. மேனேஜரில் ஒன்பது. அவர் அதைத் தேர்ந்து அழித்தார். போய்விட்டது. சேமித்தார். புதுப்பொண்ணைத் திறந்தார்.

ஒன்பது.

வெளியே நல்ல வெயில். ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த துணி, காலுக்குக் கீழே தடித்த கம்பளம், பழைய கம்பளத்துக்கே உரிய புழுங்கின வாடை. எதிரே இரட்டைக் கண்ணாடி. அதற்கு அப்பால் பாடும் அறை. அங்கே விளக்கு அணைந்திருந்ததால் கண்ணாடியில் அவர்கள் முகமும் திரையின் வெளிச்சமும்தான் தெரிந்தன.

“அத்தான், இதைப் பாருங்களேன்” என்று மைத்துனன் உற்சாகமாக எதையோ தட்டினான். கோடுகளாக இருந்த ஒலியெல்லாம் நிறமாக மாறியது. புல்லாங்குழல் மஞ்சளாக வளைந்தது. பெயரில்லாத பட்டையில், கறுப்பின் மேல் மங்கலான சிவப்பில், செங்குத்தாகக் கீறல்கள். நான்கு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி நான்கு. உள்ளங்கையால் கதவைத் தட்டினால் அப்படித்தான் பதிவாகும் என்று அவருக்குத் தெரியும். கீறல்களுக்கு நடுவே சிவப்பு, புகை மாதிரி, இழுத்து இழுத்து ஏறி இறங்கியது.

அது மூச்சு.

“இதுல ஒரு வசதி இருக்கு. ரெக்கார்டு அமுக்க மறந்துட்டாலும் இது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்குமாம். நாம விட்டதை அப்புறமா எடுத்துக் கொடுக்கும். மியூட்டை எடுத்தா என்னன்னு தெரிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே அவன் ஆரஞ்சுப் பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனான்.

அவர் அவன் கையில் ஓங்கி அடித்துவிட்டார்.

“தொடாதே. அதை மட்டும் தொடாதே. சொன்னா கேட்க மாட்டியா?”

மைத்துனன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். சரி அத்தான், தொடலை என்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

தாத்தாவில் அந்த வசதி கிடையாது. அன்றைக்கு ஓடியது தாத்தாதான். எதுவும் பதிவாகியிருக்க வழியே இல்லை.

மைத்துனன் இங்கே வந்து சேர்வதற்கு முன்னால் நடந்தது அது. அன்றைக்கு அந்தத் தாலாட்டுக்குப் பின்னணியில் ‘ம்ம்’ பாட கோரஸ் அக்கா வந்திருந்தாள். எல்லோருக்கும் அவள் அக்காதான். இளைப்பு நோய்க்காரி. நடுவில் நிறுத்திவிட்டு, “தம்பி, மூச்சு பிடிக்குதுப்பா. ரெண்டு நிமிஷம் வெளிய உட்கார்ந்துட்டு, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்” என்றாள். கேட்டது அவ்வளவுதான். அவருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். “இன்னும் ஒரே தடவை அக்கா. முடிச்சிட்டுப் போங்க. ஒண்ணும் ஆகாது” என்று மைக்கில் சொன்னார். அவள் இருமினாள். இருமல் காதில் அறைந்தது. மியூட்டை அமுக்கினார். உள்ளே விளக்கு ரீங்காரம் போடுகிறதென்று அதையும் அணைத்தார். அந்நேரம் பார்த்து போன் வந்தது. போனில் சிரித்துப் பேசிக்கொண்டே, எதிரே கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். மியூட் அமுங்கியிருப்பது மறந்தே போனது. பாடும் அறைக் கதவின் உட்கைப்பிடி கழன்று கையோடு வரும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சரி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தபோது, கழன்ற கைப்பிடியோடு அவள் கதவடியில் செத்துக் கிடந்தாள்.

பாடிக்கொண்டே விழுந்துவிட்டாள், உடனே ஓடிப்போய்த் தூக்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னார். அவள் வீட்டார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே என்று அழுதார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் குரலை அழித்துவிட்டு வேறு ஒருத்தியைப் பாட வைத்துப் பாட்டை முடித்தார்.

ஒரு பொத்தானை விடுவிக்க ஒரு விரல் போதும். அன்றும் போதும், இன்றும் போதும். எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று அவர் ஸ்பீக்கர் வயரைத்தான் பிடுங்கினார்.

திரையில் ஒன்பதாவது பட்டையின் ஓரத்தில் பச்சை ஒளி ஏறியது. இறங்கியது. ஏறியது. பாட்டு ஓடவில்லை. பழைய பதிவென்றால் ஒளி ஆடாது. பாடும் அறை மைக்கிலிருந்து, இப்போது, இந்த நிமிடம், ஒலி வந்துகொண்டிருந்தது.

கண்ணாடியில் கைகளை ஒட்டி வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டில் மைக். அதன் கொக்கியில் ஹெட்போன். அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அந்த மைக் வயரைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். பாடும் அறைக் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு நாற்காலி முட்டுக் கொடுத்திருந்தது. பதிவு இல்லாத நேரமெல்லாம் மைத்துனன் அப்படித்தான் வைப்பான். உள்ளே ஒரு ஜாடித் தண்ணீரும் வைப்பான். இது ஸ்டுடியோவா, தண்ணீர்ப் பந்தலா என்று அவர் கேலி செய்யாத நாளில்லை. கைப்பிடியை மாத்திடலாம் அத்தான் என்று அவன் சொன்னபோதெல்லாம் ஆகட்டும் பார்க்கலாம் என்றார். தெய்வம் ஒருவனுக்குக் காட்டும் இரக்கம் சில சமயம் ஒரு நாற்காலியாகவும் வந்து நிற்கும். அவசரத்தில் அவர் அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்.

முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. சத்தமே இல்லாமல்.

கைப்பிடியைத் திருகினார். கையோடு வந்தது.

காற்று கனத்திருந்தது. கம்பள வாடையோடு, இருமலுக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. கதவைத் தட்டினார். நான்கு தடவை. நிறுத்தினார். மறுபடி நான்கு. தான் தட்டும் கணக்கு தன் காதிலேயே விழ, கையை இறக்கினார்.

அப்பால் வெளிச்சத்தில் மைத்துனன் வந்து உட்கார்ந்தான். இரண்டு டம்ளர் டீ. ஒன்றின் மேல் சூடு ஆறாமல் தட்டு மூடினான். அடித்தவருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவர் கண்ணாடியை அறைந்தார். அவன் நிமிர்ந்தான். நேராக அவர் கண்ணைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து வகிடு சரி செய்தான்.

அவனுக்குத் தெரிவது அவன் முகம்தான்.

அவர் மைக்கைப் பிடித்துக் கத்தினார். கொக்கியிலிருந்த ஹெட்போனைக் காதில் வைத்தார். அவன் வீடியோவுக்குப் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“அத்தான் என்மேல கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டார்னு நினைக்கிறேன். அதனால தனி ஆவர்த்தனம்தான். இப்போ மியூட் பட்டன். தாத்தாகிட்ட அமுக்கினதே தெரியாது. இங்க பாருங்க, பளிச்சுன்னு இருக்கு. மியூட்ல இருந்தாலும் உள்ள சத்தம் வருதான்னு மீட்டர் காட்டிடும். அட, இதுல ஏதோ பயங்கரமா ஆடுதே.”

அவன் முதுகுக்குப் பின்னால், பாடுபவர்கள் பார்க்கவென்று சுவரில் மாட்டிய திரையில் ஒன்பதாவது பட்டை சிவப்பாகக் கொதித்தது. அது அவருடைய குரல்.

“எடுடா” என்று அலறினார். “மியூட்டை எடுடா ராஜா.”

அவன் மவுஸை நகர்த்தினான். அம்பு ஆரஞ்சுப் பொத்தானின்மேல் போய் நின்றது. விரல் உயர்ந்தது.

அப்படியே நின்றது. அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான்.

“வேண்டாம். இதைத் தொடக் கூடாதுன்னு அத்தான் சொல்லியிருக்கார்.”

அம்பு விலகிப் போனது.

அவர் மூச்சை இழுத்தார். பாதிதான் வந்தது. ஜாடியைத் தேடி இருட்டில் துழாவினார். ஜாடி இருந்தது. காய்ந்திருந்தது. ஹெட்போனில் மைத்துனனின் பேச்சு தேய்ந்து, வேறொரு குரல் வந்தது. அவருடைய குரல்தான். பழையது.

“இன்னும் ஒரே தடவை. முடிச்சிட்டுப் போங்க. ஒண்ணும் ஆகாது.”

பிறகு இருமல். ஹெட்போனில் இல்லை. பிடரிக்குப் பின்னால்.

இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்தார். அப்பால் மைத்துனன் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தான். தட்டு மூடிய டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் கைகளின்மேல், பின்னாலிருந்து, தைல வாடையோடு வேறு இரண்டு கைகள் மெல்ல வந்து படிந்து, விரலுக்கு விரல் சேர்த்து, கண்ணாடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டன. காதோரம் அந்தத் தாலாட்டு, ‘ம்ம்’ என்று, முதலிலிருந்து தொடங்கியது.