முன்னால் பார்க்கும் கழுதை

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் நெர்மின் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். துருக்கியின் கடலோர ஊரான அய்வாலிக்கின் பழைய கல்வீடுகளில் அதுவும் ஒன்று. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் கால் வைத்தாலே முனகும் மரப்படி. பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடையோடு, யாரோ எப்போதோ அடுப்பில் எரித்த ஆலிவ் பிண்ணாக்கின் புகை நாற்றமும் சுவரில் ஒட்டியிருந்தது.

வீட்டைப் பிடித்துக் கொடுத்தவள் அக்கா சுஹெய்லா. இரண்டு தெரு தள்ளி இருப்பவள். சாவியைக் கொடுத்த கையோடு தங்கையின் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தாள். துணிமணி கொஞ்சம். மற்றதெல்லாம் கம்பளி நூலும் பஞ்சும்.

"ஒரு கழுதை பொம்மை பின்றதுக்கு ஒரு வீடே வேணுமாடி உனக்கு?"

வேண்டியிருந்தது. இஸ்மிரில் அண்ணன் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஓயாத டிவிக்கும் நடுவே ஒரு சுற்றை உருப்படியாக எண்ணி முடிக்க முடியவில்லை. இந்தக் கழுதையோ சும்மா பொழுதுபோக்கு இல்லை. நெர்மின் போன வருஷம் பின்னிப் போட்ட முயலைப் பார்த்து, இது இன்னொருத்தியுடையது, காதை மட்டும் மாற்றித் திருடிவிட்டாள் என்று இணையத்தில் இருக்கும் கைவேலைக் குழுவில் ஒருத்தி கிளப்பிவிட்டாள். எல்லா முயலும் ஒரே வளையத்தில்தான் தொடங்கும் என்று நெர்மின் எவ்வளவோ சொன்னாள். யார் கேட்டார்கள்? ஆயிரக்கணக்கான பெண்கள் பார்க்க அவளைக் குழுவை விட்டே தள்ளினார்கள். அதற்குப் பிறகு ஒரு கைவேலைப் பத்திரிகை மட்டும் இரக்கப்பட்டு, முழுக்க உன் சொந்தமாக ஒன்று செய்து அனுப்பு, உன் பேரிலேயே போடுகிறோம் என்றது. தன் பேரைத் திரும்ப வாங்க அவளுக்கு இருந்தது இந்த ஒரே வழி.

அடுத்தவர் எழுதிய பேட்டர்னைப் பார்த்துப் பின்னுவது சமைத்து வைத்த சோற்றைப் பரிமாறுகிற மாதிரி. சொந்தமாக ஒன்றை உருவாக்குவது வேறு. எங்கே கண்ணி கூட்டுவது, எங்கே குறைப்பது, எல்லாம் கையே கண்டுபிடிக்க வேண்டும். பின்னினாள், பஞ்சு திணித்தாள், பார்த்தாள், பிரித்தாள். ஒரு கால் தூண், ஒரு கால் குச்சி. கழுத்து நிற்கவில்லை. கழுத்தை இறுக்கினால் முகம் எலியாகிவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை அவள் கண்ணாலேயே பார்த்தாள். கடலிலிருந்து தெற்குக் காற்று வீசி தலை வேறு வலித்தது. கொக்கி ஊசியைச் சுவரில் விட்டெறிந்து, பிறகு தானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

ஒருவழியாகத் தலை தலையாக வந்தது. கண் வைப்பதுதான் பாக்கி.

பொம்மைக்கு வைக்கும் பிளாஸ்டிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு தண்டு இருக்கும். அதைப் பின்னலுக்குள் செருகி, உள்பக்கமிருந்து ஒரு வாஷரை அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டியது பூட்டியதுதான். யார் வந்தாலும் கழற்ற முடியாது, தலையை வெட்டினால் ஒழிய. அதனால் நெர்மின் கண்ணைச் சும்மா செருகி மட்டும் வைத்தாள். கழுதைக்குக் கண் பக்கவாட்டில்தானே? இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வாஷர் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, தேநீர் போடக் கீழே போனாள்.

டக்.

கையில் கெண்டியோடு அப்படியே நின்றாள்.

டக்.

மேலே போய்ப் பார்த்தபோது மேசையில் வாஷர் இல்லை. கழுதையின் கண்கள் இரண்டும் முகத்துக்கு முன்னால், நெருக்கமாக, மனிதர்களுக்கு இருப்பதுபோல் பூட்டியிருந்தன. படியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். தலைவலியில் நானே பூட்டியிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இத்தனை நாள் உழைத்த தலையைக் கத்தரியால் வெட்டிக் கூடையில் போட்டுவிட்டு, அழுகையும் ஆத்திரமுமாக மறுபடி முதல் வளையத்திலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டாவது தலைக்குக் கண் செருகிய அன்று சுஹெய்லா ஒரு தட்டில், மாவுக்குள் கீரை வைத்துச் சுட்ட பொரேக்கோடு வந்து கதவைத் தட்டினாள். நெர்மின் இறங்கிப் போய்த் திறந்தாள். அக்கா ஈரக் குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை.

டக். டக்.

"மேல யாருடி இருக்கா?"

நெர்மின் படியை நிமிர்ந்து பார்த்தாள். சுஹெய்லாவின் முகம் வெளுத்துவிட்டது. பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்த வீடு ரொம்ப காலமாகப் பூட்டித்தான் கிடந்தது, வீட்டுக்காரர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, இப்போதே கிளம்பு என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். நெர்மின் கையை உதறினாள். பாதிக் கழுதையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இஸ்மிருக்குப் போவது? பொரேக்கை வாங்கி வைத்துவிட்டு அக்காவை அனுப்பினாள். மேலே போய், முன்பக்கம் கண் பூட்டியிருந்த இரண்டாவது தலையையும் வெட்டிக் கூடையில் போட்டாள்.

மூன்றாவது தலையை அவள் விட்டு நகரவே இல்லை. மடியிலேயே வைத்திருந்து, பக்கவாட்டில் தானே கண்ணைப் பூட்டினாள். யாரும் வரவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. காலும் வாலும் சேர்த்து, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினாள்.

அன்றே பதில் வந்தது. வேலை சுத்தம், ஆனால் உயிர் இல்லை, இதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே என்று ஆசிரியர் அம்மாள் நயமாகத்தான் எழுதியிருந்தாள். நயமாகச் சொன்னதுதான் நெர்மினுக்குச் சுருக்கென்று தைத்தது. கூடையிலிருந்து வெட்டிய தலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிந்து பஞ்சு தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தலை, ஏதோ சொல்ல வாயெடுப்பதுபோல அவளைப் பார்த்தது. அதுதான் நன்றாக இருந்தது. தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

நான்காவது தலையை முடித்து, கண்ணையும் வாஷரையும் பக்கத்தில் வைத்தாள். கீழே இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு படியைப் பார்த்து நின்றாள்.

"சரி," என்றாள் மெதுவாக. "நீயே வை."

வெகுநேரம் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேலே ஒரு நாற்காலி இழுபட்டது.

டக்.

டக்.

இந்த முறை ஆசிரியர் அம்மாள் போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். கழுதைக்கு மனுஷப் பார்வை, பார்த்தாலே நெஞ்சைப் பிடிக்கிறது, எப்படித் தோன்றியது உனக்கு என்று கேட்டாள்.

"தோணுச்சு," என்றாள் நெர்மின். அந்த ஒரு வார்த்தை நாக்கில் கசந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். கழுதையின் கால் அடியில் தன் பேர் பின்னிய துணித்துண்டை இறுக்கித் தைத்தாள்.

அச்சுக்குப் போகுமுன் பேட்டர்னைச் சரிபார்க்க வேண்டுமே. வெவ்வேறு ஊர்ப் பெண்கள் ஆறு பேருக்கு அது போயிற்று. எல்லோரும் பின்னி முடித்துப் படம் அனுப்பினார்கள். சாம்பல், பழுப்பு, ஒருத்தி நீலம்கூட. சம்சுன் ஊர்ப் பெண் சிரித்துக்கொண்டே, கண்ணை எப்போது பூட்டினேன் என்றே நினைவில்லை அக்கா, வயசாகிறது எனக்கு என்று எழுதியிருந்தாள். அதையே அடுத்தவளும் எழுதியிருந்தாள். நெர்மின் யாருக்கும் பதில் போடவில்லை.

கடைசியாகக் கோன்யாவிலிருந்து ருகியே ஒரு குரல்பதிவு அனுப்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. என் பொண்ணு இன்ஜி கழுதையைக் கையை விட்டுக் கீழ வைக்கவே மாட்டேங்கிறா. ஆனா என்னமோ உளர்றா. நீங்களே கேளுங்க."

பிறகு ஒரு சின்னக் குரல், ரகசியம் பேசுவதுபோல்.

"இதை நெர்மின் செய்யலையாம். கண்ணு வெச்ச அத்தைக்கு ரொம்பக் கோவமாம். பேரை மாத்தணுமாம்."

நெர்மின் போனை மார்போடு அழுத்திக்கொண்டு கீழ் அறையில் நின்றாள். மறுநாள் பக்கம் அச்சேறுகிறது. இப்போதே கூப்பிட்டு, கண் என் யோசனை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு யாருடையது என்று கேட்பார்களே? யார் பேரைச் சொல்வது? மறுபடியும் திருடி என்பார்கள். காலைத் தூணாக்கி, குச்சியாக்கி, விரல் வீங்க எத்தனை முறை பிரித்தவள் அவள்! கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னோடது," என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். "நான் உக்காந்து செஞ்சது. கண்ணு மட்டும்தான் நீ வெச்சே. மத்ததெல்லாம் என்னோடது!"

வீடு அமைதியாகிவிட்டது. மழைகூட நின்றிருந்தது.

பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. பின்னுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நூலைப் பிடித்து இழுக்க, கண்ணி கண்ணியாகப் பின்னல் அவிழ்கிற சத்தம்.

சர்ர்ர்.

நின்றது.

சர்ர்ர்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள். கீழே அடுப்பு அணைந்து கிடந்தும், மேல் அறையெங்கும் பிண்ணாக்குப் புகை நிறைந்திருந்தது.

மேசையில் கழுதை இல்லை. அவள் உட்காரும் பக்கத்தில், எல்லாம் பங்கு பிரித்த மாதிரி ஒழுங்காக இருந்தது. நூல் முழுவதும் ஒரே உருண்டையாகச் சுற்றியிருந்தது. பக்கத்தில் பஞ்சு. அதன்மேல் அவள் பேர் பின்னிய துணித்துண்டு, ஒரு இழைகூட அறுபடாமல்.

எதிர்ப்பக்கம் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன.

வாஷரோடு பூட்டிய கண்கள். கண்ணுக்கும் வாஷருக்கும் நடுவே துணியும் இல்லை, நூலும் இல்லை. அவை அவளைப் பார்த்தபடி நேராக நின்றன.

கையில் போன் அதிர்ந்தது. ருகியே. அக்கா, இன்ஜி கையில் இருக்கும்போதே கழுதை தானாகப் பிரிகிறது என்று எழுதியிருந்தாள். அது திரையிலிருந்து மறைவதற்குள் சம்சுனிலிருந்து ஒன்று வந்தது, அதன்மேல் இன்னொன்று. நெர்மின் போனைக் கீழே போட்டுவிட்டாள்.

அவள் ஒருநாளும் உட்காராத எதிர் நாற்காலி, தரையில் உரசிக்கொண்டு மேசையை ஒட்டி நகர்ந்தது.

உருண்டையிலிருந்து நூலின் நுனி மெல்ல எழுந்து அந்தப் பக்கம் போயிற்று. முதல் வளையம் போடுகிறவர்கள் இழுப்பதுபோல, நிதானமாக.