புது வலை இழுத்த திசை

"மேற்க போவணும்" என்று அஜிலா சொன்னதும் புன்னைத்துறைக் கடற்கரையில் நின்ற அத்தனை பேரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். வெயிலில் நின்று மண்டை காய்ந்துபோன பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

பின்னே? கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசி எல்லாருடைய முகத்திலும் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றுபோன ஒரு வள்ளம் அந்தக் காற்றில் கிழக்கே போகும் என்று சொல்ல ஒரு படிப்பும் வேண்டாம். போதாக்குறைக்கு, முந்தின நாள் கிழக்கே தேடச் சொன்னதே இந்த அஜிலாதான்! கடலியல் படிக்கிற பெண் காகிதத்தில் கோடு கிழித்து, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு வட்டமும் போட்டுக் காட்டினாள். ஊர் வள்ளங்கள் எல்லாம் அந்த வட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தன.

காணாமல் போனது அவளுடைய அண்ணன் டென்சில். கூட்டாளி பனியடிமையும் அவனோடு இருந்தான். "எஞ்சின் நின்னுட்டு" என்று டென்சிலின் கைபேசியிலிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு மூச்சே இல்லை. ஒரு ராத்திரித் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒரு கேன் குடிதண்ணீர்தான் கொண்டுபோவார்கள். அந்தக் கேன் இந்நேரம் காலியாகியிருக்கும்.

"நேத்து கிழக்குன்ன. இன்னைக்கி மேக்குங்க. நாளைக்கி வானத்துல தேடச் சொல்லுவியா பிள்ளே?" என்று கேட்டான் மெர்வின். டென்சிலின் சிநேகிதன், சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட விசாலம்.

"நேத்து நான் தப்பா கணக்குப் போட்டேன் மெர்வின் அண்ணா. வெறும் வள்ளம்னு நெனச்சிட்டேன். அண்ணன் புது வலைய கொண்டு போயிருக்கான்!"

மெர்வினின் முகம் மாறியது.

விஷயம் இதுதான். சேதி கேட்டுக் கல்லூரி விடுதியிலிருந்து ஓடிவந்த அஜிலாவுக்கு வீட்டில் புது வலை வாங்கியதே தெரியாது. அன்று காலை வலைக்கொட்டகைப் பக்கம் போனவள், பழைய கிழிந்த வலை மூலையில் கிடப்பதைப் பார்த்தாள். "இத கொண்டு போகலியா அம்மா?" என்று கேட்டாள். "ஃபாதர் வந்து மந்திரிச்சுத் தந்த புது வலையில்லா கொண்டு போனான், மொதத் தொழிலுக்கு" என்று சொல்லி அம்மா அழுதாள். அந்த இடத்திலேயே அஜிலாவின் கணக்கு தலைகீழாகிவிட்டது.

எஞ்சின் நின்றால் வலையைத் தண்ணீரிலேயே விட்டுவைப்பது அந்தக் கரையின் வழக்கம். வலை பிடித்து நிறுத்துவதால் வள்ளத்தின் மூக்கு அலையைப் பார்த்தே நிற்கும், கவிழாது. கடல் ரொம்ப மோசமானால் கயிற்றை வெட்டிவிடுவார்கள். பழைய வலை என்று நினைத்ததால்தான், டென்சிலும் அதை வெட்டிவிட்டு வெறும் வள்ளமாகக் காற்றோடு போயிருப்பான் என்று முந்தின நாள் அஜிலா கணக்குப் போட்டாள். ஆனால் டென்சில் புது வலையை வெட்டுவானா? தன் விரலை வெட்டச் சொன்னால் யோசிப்பான், வலையை வெட்டச் சொன்னால் அடிக்கவே வருவான்!

"கடலுக்குள்ள மதிலு மாதிரி தொங்குற வலைய காத்து எப்பிடித் தள்ளும்? அத நீவாடுதான் இழுக்கும். நீவாடு போற எடத்துக்குத்தான் வள்ளமும் போவும்" என்றாள் அஜிலா. கடலுக்கு அடியில் ஓடுகிற நீரோட்டத்துக்கு அந்தக் கரையில் நீவாடு என்று பெயர்.

"செரி. நீவாடு மேற்க போவுதுன்னு ஆரு சொன்னது? இப்பம் அதுக்குக் காலம் ஆவலியே!" என்று மடக்கினான் மெர்வின்.

"நாந்தாண்ணே சொன்னேன்" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. அஜிலாவோடு படிக்கும் கோமதி. சங்கரன்கோவில்காரி. தோழிக்குத் துணையாக வந்தவள், வள்ளத்தில் இதுவரை கால் வைத்ததில்லை. கையில் உப்பின் அளவு பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தாள். "காலைல ஒங்க வள்ளக்காரங்க கொண்டாந்த தண்ணிய பாத்தேன். உப்பு கொறஞ்சு போயிருக்கு. வங்கக்கடல்ல எம்புட்டு ஆறு வந்து விழுது! அந்தத் தண்ணிதான் கன்னியாகுமரிய சுத்திட்டு மேற்க போவுது. வழக்கமா இன்னும் தள்ளி வரும். இந்த வருசம் முந்திட்டு."

மெர்வின் அந்தக் கருவியையும் கோமதியையும் மாறி மாறிப் பார்த்தான். "சொட்டுத் தண்ணிய வச்சிக் கடலுக்க போக்க சொல்லுதியளா? எனக்க கண்ணால காட்டணும். காட்டலன்னா வள்ளம் கிழக்க திரும்பும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றாள் அஜிலா.

எண்ணெய், தண்ணீர், ரொட்டி, வயர்லெஸ் எல்லாம் ஏறின. மற்ற வள்ளங்களுக்கும் சொல்லிவிட்டு மூவரும் புறப்பட்டார்கள். அலை முறிகிற இடத்தைத் தாண்டும்போதே கோமதி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

கரை ஒரு கோடாகச் சுருங்கியதும் அஜிலா எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். இரண்டு காலிக் கேன்களை எடுத்தாள். ஒன்றை மூடி அப்படியே தண்ணீரில் போட்டாள். இன்னொன்றில் நீளமான கயிறு கட்டி, கயிற்றின் அடியில் ஒரு பெரிய வாளியைத் தொங்கவிட்டாள். வாளி ஆழத்தில் இறங்க, மேலே கேன் மட்டும் மிதந்தது.

"இது வெறும் வள்ளம். அது வலை போட்ட வள்ளம். பாத்துக்கோங்க."

முதல் கேன் காற்றில் துள்ளித் துள்ளிக் கிழக்கே ஓடியது. இரண்டாவது கேன் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அஜிலா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதுவும் கிழக்கே போனால்? கணக்கு இரண்டாம் தடவையும் தப்பினால்?

கேன் அசைந்தது. முகத்தில் அறையும் காற்றை மதிக்காமல், யாரோ அடியிலிருந்து இழுப்பதுபோல மேற்கே போகத் தொடங்கியது!

"எனக்க மாதாவே!" என்று மெர்வின் சிலுவை போட்டுக்கொண்டான். "காத்துக்கு எதிரால்லா போவுது!" அடுத்த நொடியே வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தினான்: "மேற்க வாங்கலே! எல்லாரும் மேற்க வாங்க!"

இரண்டு கேன்களையும் பொறுக்கிக்கொண்டு வள்ளம் மேற்கே சீறியது.

கடல் நேரம் பார்த்துச் சோதித்தது. அலை மேலே அலை. கோமதி காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் தின்றதையும் கொடுக்கத் தயாரானாள். மெர்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வெயில் ஏறியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீரும் வானமும்தான்.

கோமதி பலகைக்கு மேலே தலையைத் தொங்கப்போட்டபடியே சட்டென்று கையை உயர்த்தினாள். "அஜிலா... ஏட்டி, இங்க வந்து பாரு. கடல்ல யாரோ கோடு போட்டிருக்காங்க!"

உண்மைதான். ஒரு நீண்ட நுரைக்கோடு வளைந்து வளைந்து போனது. இந்தப் பக்கம் தண்ணீர் பச்சை, அந்தப் பக்கம் கருநீலம். கோட்டின் மேல் பாசி, தேங்காய் மட்டை, செருப்பு, கண்ணாடிக் கிண்ணங்களைக் கவிழ்த்தாற்போல நூற்றுக்கணக்கான ஜெல்லி மீன்கள்.

"வங்கக்கடல் தண்ணியும் அரபிக்கடல் தண்ணியும் முட்டுற எடம்!" அஜிலா குதித்தாள். "மிதக்குறது எல்லாம் இங்கதான் வந்து ஒதுங்கும். கோட்ட விடாதீங்க அண்ணா!"

கோட்டைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார்கள். கடைசியில் மெர்வின் எண்ணெய்க் கேனைத் தட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினைத் தணித்தான்.

"பாதி தீந்தாச்சி பிள்ளே. இனி ஒரு அடி போனாலும் திரும்ப எண்ணெய் காணாது. நம்மளயும் தேட ஆளு வரணும். எனக்கும் அவன் கூடப்பொறந்தவன் மாதிரிதான். ஆனாலும் திரும்பணும்."

அவன் சொன்னது நியாயம். அஜிலா மறுக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, கடைசியாக ஒரு தடவை வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தாள்.

தூரத்தில் வெள்ளைப் பொட்டுகள் மேலும் கீழுமாகப் பறந்தன. ஆலாப் பறவைகள்!

"மீனு ஓடுது, பறவ சுத்துது. அதுல என்ன?" என்றான் மெர்வின்.

"மீன் கூட்டம் ஓடுனா பறவையும் கூடவே ஓடுமே! இது அசையாம ஒரே எடத்துல சுத்துது, பாருங்க. அடியில என்னமோ மிதக்குது!" அஜிலாவின் பேச்சு வேகமெடுத்தது. "நடுக்கடல்ல ஒரு மரக்கட்ட ரெண்டு நாள் மிதந்தாலே அதுக்க நெழலுக்குக் குஞ்சு மீனு வரும். அத திங்க பெரிய மீனு வரும். பெரிய மீனு வெரட்டுறத கொத்த ஆலா வரும்! அண்ணா, அந்தப் பறவ வரைக்கும் மட்டும்!"

மெர்வின் எண்ணெய்க் கேனை இன்னொரு தடவை பார்த்தான். வள்ளத்தைத் திருப்பினான். கரைப் பக்கம் அல்ல, பறவைப் பக்கம்!

முதலில் ஒரு நிழல். பிறகு ஒரு நீல வள்ளம். அதன் நடுவில் ஒருவன் சிவப்புச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தான்!

"டென்சிலே!" என்று மெர்வின் போட்ட சத்தத்தில் ஆலாக்கள் சிதறிப் பறந்தன.

டென்சிலின் உதடு வெடித்திருந்தது. பனியடிமை வள்ளத்தின் அடியில் துவண்டு கிடந்தான், ஆனால் கண் திறந்திருந்தது. அஜிலா தாவி ஏறி இருவருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். நாலு மடக்கு உள்ளே போனதும் டென்சில் வாயைத் திறந்தான். "வலைக்கி ஒரு சேதமும் இல்ல."

"வலையாம் வலை!" அஜிலா அழுதுகொண்டே அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அம்மா அங்க பச்சத்தண்ணி குடிக்கல. ஒனக்கு வலை!"

ரொட்டி தின்று கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, மெர்வினும் டென்சிலும் வலையை இழுக்கத் தொடங்கினார்கள். பாதிகூட ஏறவில்லை, வலை விண்ணென்று இறுகியது. டென்சிலின் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே குபுகுபுவென்று பாய்ந்தது!

"அடியில என்னமோ கெடக்கு!" என்று பனியடிமை அலறினான்.

கருநீலத் தண்ணீரிலிருந்து ஒரு முதுகு எழுந்தது. வள்ளத்தைவிட நீளம், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. அம்மணி உழுவை! சுறா இனத்திலேயே பெரியது. நுரைக்கோட்டில் குவிந்திருந்த நுண்ணுயிர்களை மேய வந்தது, மார்புத் துடுப்பில் வலையைச் சுற்றிக்கொண்டு திணறியது. அது வாலை ஒரு அடி அடித்தால் வள்ளம் சுக்குநூறு!

"வெட்டுலே! வலைய வெட்டு!" என்று மெர்வின் கத்தினான்.

டென்சிலின் கையில் கத்தி இருந்தது. கை அசையவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டபோதும் வெட்டாத வலை.

அஜிலா இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். "அது ஆள ஒண்ணும் செய்யாது! வாலுதான் பயம்!" என்று மட்டும் கத்திவிட்டு மூழ்கினாள். தலைப்பக்கமாக நீந்தினாள். பெரிய உடம்பில் சின்னஞ்சிறு கண் ஒன்று அவளைப் பார்த்தது. துடுப்பில் இறுகிய நூலை அறுத்தாள். ஒன்று அறுந்தால் இன்னொன்று இறுகியது. மேலே கயிறு தளர்ந்தால்தான் முடியும்! மூச்சு வாங்க மேலே வந்து கூவினாள்: "அண்ணா! பாதி வலை போவும்! வெட்டு!"

டென்சில் அவளைப் பார்த்தான். உழுவையைப் பார்த்தான். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியைக் கயிற்றில் வைத்தான்.

கயிறு படாரென்று அறுந்தது. அஜிலா மூழ்கிக் கடைசிப் பின்னலையும் அறுத்தாள். உழுவை நிதானமாக உடம்பைத் திருப்பி, வந்த வழியே ஆழத்துக்கு இறங்கிப் போயிற்று. அறுந்த துண்டுகள் கடலில் கிடந்தால் வேறு உயிரைப் பிடிக்குமே என்று அஜிலா அவற்றையும் சுருட்டி வள்ளத்தில் ஏற்றிய பிறகுதான் தானும் ஏறினாள்.

பின்னால் வந்த ஊர் வள்ளங்கள் எண்ணெயோடு வந்து சேர்ந்தன. மாலை வெயிலில் எல்லா வள்ளங்களும் ஒன்றாகக் கரைக்குத் திரும்பியபோது புன்னைத்துறைக் கோவில் மணி விடாமல் அடித்தது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டாள். காலையில் அஜிலாவை முறைத்தவர்கள் இப்போது அவளைத் தோளில் தூக்கலாமா என்று பார்த்தார்கள்.

"நேத்து கிழக்குன்னு சொன்ன வாயி இன்னைக்கி மேக்குன்னு சொல்லக் கொஞ்சமும் கூசல பாத்தியளா? கூசியிருந்தா இவன் அங்கயே கெடந்திருப்பான்" என்று மெர்வின் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அஜிலாவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்றிருந்தது. கோமதியோ மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இனி கடலைப் பாட்டிலில் மட்டும்தான் பார்ப்பேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

அம்மா வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏன் மக்கா, வலை பாதியா கெடக்கு? தண்ணியில்லாம கெடந்தப்பவும் வெட்டாதவன், பொறவு எதுக்கு வெட்டுன?"

டென்சில் வலையின் அறுந்த முனையைக் கையில் எடுத்தான்.

"எங்கள உசுரோட வச்ச வலையம்மா" என்றான். "அதுல ஒரு சாவு விழப்படாது."