காந்தம் ஒட்டாத இடங்கள்

எங்கள் வாசலில் நிற்கும் சிவப்புக் கார் ஓடி நான் பார்த்ததே இல்லை. 1969-இல் செய்த கார். எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர். அந்தக் காலத்தில் அதை முந்த மிச்சிகன் மாநிலத்திலேயே ஆள் கிடையாதாம். எல்லாம் அப்பா சொன்னதுதான். நான் பிறந்த வருடம் வாங்கி, "அடுத்த கோடையில சரி பண்ணிடுறேன்" என்று பத்துக் கோடைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நகராட்சிக்காரர் வந்து அதன் கண்ணாடியில் ஆரஞ்சு நிற நோட்டீஸ் ஒட்டினார். ஓடாத காரை வாசலில் நிறுத்தக் கூடாது. திங்கட்கிழமை காலைக்குள் எடுக்காவிட்டால் அவர்களே இழுத்துப்போய்ப் பழைய இரும்புக் கிடங்கில் போடுவார்கள். அங்கே ஒரு பெரிய இயந்திரம் காரைச் சப்பையாக நசுக்கிவிடும்.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "யாராவது வாங்கி ஓட வச்சாப் போதும்" என்று இணையத்தில் விளம்பரம் போட்டார்.

"பழுது பார்த்து ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு அருமையான கார். துளித் துரு கிடையாது!"

துளித் துரு கிடையாதா? போன மாதம் நான் பின்சீட்டில் ஏறியபோது என் கால் காரைத் தாண்டி சிமெண்ட் தரையில் நின்றது.

"அப்பா, அடியில ஓட்டை இருக்கே!"

"அது ஓட்டை இல்ல மார்லா, காத்து வர்ற வழி."

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மூவரும் பையிலிருந்து ஒரு குட்டிக் காந்தத்தை எடுத்துக் காரில் வைத்துப் பார்த்தார்கள். கதவில் ஒட்டியது. சக்கரத்துக்கு மேலே வைத்தபோது டக்கென்று கீழே விழுந்தது. துரு தின்ற இடத்தில் யாரோ எப்போதோ ஓட்டை அடைக்கும் புட்டிப் பசையைப் பூசி, மேலே சிவப்பு அடித்திருக்கிறார்கள். புட்டியில் காந்தம் ஒட்டாதே!

மூன்றாவதாக வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நூத்தம்பது மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன். துரு இல்லன்னு எழுதினீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கத்திவிட்டு, எஞ்சினைப் பார்க்காமலே போனார்.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "புட்டி இருக்குன்னு தெரியும். எவ்வளவுன்னு பாக்கத்தான் தைரியம் வரல" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

நான் சமையலறைக்கு ஓடி, பிரிட்ஜ் கதவிலிருந்த பீட்சாக் கடைக் காந்தத்தைப் பிடுங்கினேன். அதன் கீழிருந்த தாள்கள் எல்லாம் பறந்தன.

"ஏய், என்னடி பண்ற?" என்று அம்மா கத்தினாள்.

"கார் விக்கிறேன்!"

முன்பக்கத்திலிருந்து காந்தத்தை வைத்துக்கொண்டே போனேன். அது விழுந்த இடத்திலெல்லாம் நீல டேப் ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் எழுந்து வந்து டேப் கிழித்துக் கொடுத்தார். மொத்தம் இருபத்தேழு இடம். காருக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் படம் எடுத்தோம். கடைசியாக நான் ஓட்டையில் காலை விட்டேன். அப்பா தரையில் படுத்து அதையும் எடுத்தார். பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"இருபத்தேழு இடங்களில் காந்தம் ஒட்டாது. அடியில் ஓட்டை உண்டு. படத்தில் தெரிவது என் மகளின் கால். எஞ்சினை மாற்றவில்லை, முதலில் இந்தக் காரோடு வந்ததுதான். திங்கட்கிழமை நசுக்கிவிடுவார்கள். சீக்கிரம் வாருங்கள்."

"இதப் படிச்சா ஒரு ஈ, காக்காகூட வராது" என்றார் அப்பா.

"அதப் படிச்சு வந்தவங்க மட்டும் வாங்கிட்டாங்களாப்பா?"

அவர் விளம்பரத்தை மாற்றினார்.

ஞாயிறு மதியம் வரை ஒரு போன்கூட வரவில்லை. ஐயையோ, நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேனா?

இரண்டு மணிக்கு, காரை ஏற்றிச் செல்லும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பழைய டிரக் வந்தது. நரைத்த முடியுடன் ஒரு பெண் இறங்கினார். கைகளெல்லாம் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள்.

"நான் ரோண்டா. அந்தக் காலுக்குச் சொந்தக்காரி நீதானா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, நேராகக் காருக்கு அடியில் புகுந்தார். வெளியே வரும்போது முடியெல்லாம் துரு.

"இருபத்தேழு இல்ல, இருபத்தெட்டு. பம்பருக்குக் கீழ ஒண்ண விட்டுட்ட."

அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"அட, அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று ரோண்டா சிரித்தார். "வெல்டிங்தான் என் பொழப்பு. அழுகின இரும்ப வெட்டிட்டுப் புதுசு வச்சுடுவேன். இதுக்கு முன்னாடி நாலு காரு பாத்தேன். நாலு பேரும் துருவே இல்லன்னு சத்தியம் பண்ணாங்க. அவங்கள எப்படி நம்புறது? நீங்கதான் எனக்கு வேலையையே கொறச்சு வச்சிருக்கீங்க."

"பாகம் பாகமாப் பிரிச்சு வித்துட மாட்டீங்களே?" என்று கேட்டேன்.

"விக்கிறதா? சின்ன வயசுல இதே மாதிரி கார் ஒண்ணு எங்க தெருவுல போகும். வேலிக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இனிமே மத்தவங்க பாக்கட்டும்!"

அப்பா சட்டென்று கை நீட்டினார். கைகுலுக்கி, கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். கார் மெல்ல டிரெய்லரில் ஏறியது. தெருமுனைவரை அப்பா அதன் பின்னாலேயே நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அழறீங்களாப்பா?"

"இல்லடா. பத்து வருஷமா தினம் காலையில அதப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவேன். அப்பாடா! நாளையிலேர்ந்து நிமிந்து போகலாம்."

கார் நின்ற இடம் இப்போது காலியாக இருந்தது. பந்தை எடுத்து வந்து அப்பாவை அங்கே விளையாடக் கூப்பிட்டேன். அப்பா மூன்று ஆட்டத்திலும் என்னிடம் தோற்றார். தோற்றுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.