ஒரு முழம் காவல்

குழிக்குள் நின்ற சிலுவைமுத்துவின் மண்வெட்டி எதிலோ ‘டொக்’கென்று மோதியது.

“கல்லா இருக்கும்,” என்றாள் மேலே நின்ற ஜெசிந்தா.

“கல்லு இல்ல டாக்டரம்மா. பெட்டி!”

ஜெசிந்தா விளிம்புக்கு வந்து குனிந்தாள். பதினாறு வருடத்துக்கு முன் அப்பாவைப் புதைத்த குழி இது. தூத்துக்குடியில் அவர்கள் குடும்பத்துக்கு இந்த ஒரு கல்லறைதான். வீட்டில் அடுத்தவர் இறக்கும்போது அதையே திறந்து, மிஞ்சிய எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் பெட்டியை இறக்குவார்கள். “என்னை உங்கப்பாகூட வச்சிரு” என்று கேட்டுக் கண்ணை மூடிய அம்மா, கல்லறைத் தோட்டத்து வாசலில் சவ வண்டிக்குள் காத்திருந்தாள்.

ஊர் உலகம் கொண்டாடும் காவற்பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவளே ஜெசிந்தாதான். அதுவரை கதவும் படகும் உத்தரமும் மட்கி மட்கி, நாடு வருடந்தோறும் கோடி கோடியாக மண்ணுக்கு மொய் எழுதிக்கொண்டிருந்தது. அவளுடைய பூஞ்சை மரத்துக்குள் குடியேறி, சுற்றிலும் ஒரு முழத்துக்கு மட்கவைக்கும் நுண்ணுயிர் எதையும் வாழவிடாது. காற்றிலேயே பரவும், காசும் வேண்டாம். முதன்முதலில் காவல் பெற்ற பலகையில்தான் அப்பாவுக்குப் பெட்டி செய்தாள், அவ்வளவு பெருமை!

சிலுவைமுத்து மூடியை நெம்பினார். சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

அப்பா அப்படியே கிடந்தார். மீசைகூடக் கலையவில்லை. அம்மாவுக்கு எழுபத்திரண்டு, அப்பாவுக்கு இன்னும் அறுபதுதான். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு முழத்துக்குள் யார் படுத்திருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லையே, பாவி!

“எலும்பைக் கட்டலாம். ஆளைக் கட்ட முடியுமாம்மா?” என்றார் சிலுவைமுத்து.

“பெட்டியை உடைச்சு வெளிய போடுங்க. ரெண்டு பேரையும் துணியில சுத்தி வெறும் மண்ணுல வைப்போம். மண்ணு பாத்துக்கும்.”

 சிலுவைமுத்து குழியின் பக்கச் சுவரைத் தட்டிக் காட்டினார். கல்லறைத் தோட்டத்து வேம்புகளின் வேர், மயிரிழை மயிரிழையாக மண் முழுக்க ஓடியிருந்தது. நடுவே என்றோ புதைந்த மாலை ஒன்று, நாரோடும் இதழோடும் சிதையாமல் இருந்தது.

காற்றில் வந்த பூஞ்சைக்கு வேரும் மரம்தான். ஒவ்வொரு வேரைச் சுற்றியும் ஒரு முழம்.

“வேற எடத்துல தோண்டட்டுமா?” என்று கேட்டார்.

மரமே இல்லாத மண் எங்கே இருக்கிறது என்று ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். வாசலில் பங்குச் சாமியாரின் வண்டி வந்து நின்றது. மனிதன் மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றித்தான் அவர் ஜெபிக்கப்போகிறார்.