அடிபடாத இடம்

கலியனின் கால்புண் ஆறிவிட்டது என்று அவன் மனைவி செல்வி போனில் சொல்லி இரண்டு வாரமாகிறது. நல்ல சேதிதான். ஆனால் அதன்பிறகும் தினம் போன் செய்து, "இன்னும் ஆறிக்கினே கீது சார்" என்கிறாள். துளசிராமனுக்கு அதுதான் சரியாகப் படவில்லை. ஆறிய புண் இன்னும் எதற்கு ஆற வேண்டும்?

கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் அவர் சூப்பர்வைசர். கலியன் காண்ட்ராக்ட் ஆள். கேட்டில் தொங்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகை முந்நூறைத் தாண்டியிருந்தபோது, பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று துள்ளி அவன் காலைச் சுட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பலகை பூஜ்யத்துக்குப் போகும். தனக்கு வரவிருந்த பாதுகாப்பு விருதும் போகும். திருவிழாவுக்கு லீவு என்று எழுதிவிட்டு, அவரே களிம்பு தடவிக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். பாவமான வேலை. செய்யும்போதே அவருக்குத் தெரிந்தது.

பொன்னேரி டாக்டர் ஆரோக்கியமேரியிடம், யாருக்கோ கேட்பதுபோல் கேட்டார். டாக்டர் சொன்னார்: "புண்ணை மூடறதுக்காகத் தோல் செல்லெல்லாம் உருமாறி நகர்ந்து வரும். மூடினதும் நின்னுடணும். நிக்கலன்னா அதுவே வியாதி. உடனே கூட்டிட்டு வாங்க."

விருது விழாவுக்கு நாலு நாள் இருந்தது. அவர் கூட்டிப்போகவில்லை.

விழா முடிந்த மறுநாள் சாயங்காலம் கலியன் வீட்டுக்குப் போனார். வாசலில் வயல் சேற்று வாசனை; உள்ளே கால் வைத்ததும் தான் தடவிய அதே களிம்பின் நெடி, அதற்கடியில் பச்சைக்குழந்தை மேல் வீசுவதுபோல் ஒரு பால் வாசனை, மூலையில் கட்டில் கயிறு மெல்ல நெரியும் சத்தம். ஒரே இருட்டு.

"லைட்டு இனிமே இன்னாத்துக்குன்னுட்டாரு சார்," என்றாள் செல்வி. "நீங்க சொல்றவரைக்கும் ஆஸ்பத்திரி வேணாம்னீங்களே, அதான் ஊட்டோட வெச்சிக்கினு கீறேன்."

அவர் கட்டிலை நெருங்கினார். குனிந்து கலியனின் காலைத் தடவினார். தழும்பு இல்லை. வழவழப்பு. இளஞ்சூடு. முழங்கால் மடிப்பைத் தேடினார். மடிப்பே இல்லை.

"வலிக்குதா கலியா?"

"வலியெல்லாம் இல்ல சார். அடிபடாத எடமும் ஆறிக்கினு வருது."

"தப்பு பண்ணிட்டேன்பா. எழுந்திரு, இப்பவே போலாம்."

செல்வி ஜன்னலைத் திறந்தாள்.

அவர் குரல் வந்த பக்கம் கலியன் முகத்தைத் திருப்பினான். புருவத்துக்குக் கீழே கண் இல்லை. புதுத்தோல். இளஞ்சிவப்பு. அதற்கடியில் இரண்டு உருண்டைகள் இங்கும் அங்கும் உருண்டு அவரைத் தேடின.