குறைந்துகொண்டே வந்த தூரம்

நெல்லை முழுக்க வழித்துவிட்டுக் காலியாக நின்ற சைலோவில், தூரம் குறைந்துகொண்டே வந்தது.

சைலோ என்றால் பனைமர உயரத்துக்குத் தகரத்தில் செய்த நெற்குதிர். கூரையில் லேசர் சென்சார். அது கீழே ஒளியை அனுப்பும். ஒளி நெல்லில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். நெல் ஏறினால் தூரம் குறையும். இப்போது ஏறுவதற்கு நெல்லே இல்லை. மில் முதலாளி குஞ்சிதபாதம் ஏசி அறையில் திரையைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் சவரிராஜ் மேலே போய்ச் சென்சார் கண்ணாடியைத் துடைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

“தூசியும் இல்லைங்க, ஆளும் இல்லைங்க. ஆனா லேசர் எதுலயோ பட்டுத் திரும்புதுங்க மொதலாளி.”

ஆள் இருக்கிறதா என்று இவனை யார் கேட்டது? குஞ்சிதபாதம் மறுபடி திரைக்குத் திரும்பினார்.

மில் நிற்கும் இடம் வைரக்கண்ணுவின் குத்தகை நிலம். ஆட்சி மாறும்போதெல்லாம் கரைவேட்டியையும் மாற்றிக்கொண்ட மகராசன் குஞ்சிதபாதம், தாலுகா ஆபீசில் குத்தகைப் பதிவையே காணாமல் போகச் செய்தார். வைரக்கண்ணு வழக்குப் போட்டான்; வயிற்றுப்பாட்டுக்கு அதே மில்லில் வேலையும் பார்த்தான். போன அறுவடையில், கட்டிதட்டிய நெல்லைக் கிளறிவிட அவன் சைலோவுக்குள் இறங்கியிருந்தபோது, அடிக்கதவைத் திறந்துவிட்டார் இந்தப் பாவி. நெல் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. விபத்து என்றார்கள். இவர் மாலைகூடப் போட்டார்.

தூரம் இன்னும் குறைந்தது. அவன் மேலே வந்துவிட்டால்? மூடியைப் பூட்டிவிட வேண்டும், உயிர் பிழைக்க வேறு வழியில்லை.

“நம்பர் பழையபடி வந்துச்சுன்னா நெல்லை ஏத்திடு. லாரி நிக்குது,” என்று சவரிராஜிடம் சொல்லிவிட்டு, பூட்டோடு வெளி ஏணியில் ஏறினார். பட்டப்பகல். வெயிலில் தகரம் கொதித்தது, உமி வாடை மூக்கை அடைத்தது, அவர் கால் வைத்த ஒவ்வொரு படிக்கும் தகரத்துக்கு அந்தப் பக்கம், உள் ஏணியில், ஈரக்கால் ஒன்று சப்பென்று ஏறிக்கொண்டிருந்தது.

உச்சி. மூடி திறந்திருந்தது. சேற்று வாடை.

ஒரு கை.

அவர் விழவில்லை. இறக்கப்பட்டார். நிதானமாக, அடிவரைக்கும்.

மேலே மூடி சாத்திக்கொண்டது. இருட்டு. கூரையிலிருந்து வந்த லேசரின் சிவப்புப் பொட்டு அவர் காலடியில், தரையில் நின்றது. அறையில் நம்பர் சரியாகியிருக்கும். ஐயோ, சரியாகியிருக்குமே. சவரிராஜைக் கூப்பிட்டுக் கத்தினார். நெல்லை மேலேற்றும் எலிவேட்டர் இரைச்சலில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

நெல் கொட்டியது. முழங்கால். இடுப்பு. நகர முடியவில்லை. நெல்லுக்கு அடியில், நாற்றின் வேரைச் சேற்றில் அழுத்திப் பழகிய விரல்கள், அவருடைய பாதங்களை ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டிருந்தன.