பரிபூரணம் மெஸ்ஸுக்கு எதிரே

இன்னும் இரண்டு மதிப்பெண் குறைந்தால் மெஸ் மறைந்துவிடும். பரிபூரணத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடுகு கருகிய வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

அந்தப் பழைய பல்கலைக்கழகத்தைச் சுற்றி எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. பத்து வயதில் கண்ணுக்குள் பொருத்துகிற வழியாடி காட்டிவிடும். மணிக்கட்டிலிருக்கும் நிறைவுமானி நாடி பிடித்து, ஆள் சந்தோஷமாக இருக்கிறாரா என்று அந்த இடத்துக்கு மதிப்பெண் போடும். முப்பதுக்குக் கீழே போன இடத்தை வழியாடி எல்லார் கண்ணிலிருந்தும் எடுத்துவிட்டு, அங்கே நாலு மரத்தை வரைந்து வைக்கும். பக்கத்துத் தெருப் பரோட்டாக் கடை போன மாதம் வேப்பமரமானது. உள்ளே கடைக்காரர் இன்னும் மாவு பிசைகிறார் என்று கேள்வி.

அவள் சமையலில் ஒரு குறையுமில்லை. எதிரே செங்கல் தேர்வு மண்டபம், ஊர் உலகமெல்லாம் வந்து அண்ணாந்து பார்க்கிற கட்டடம். ஹால் டிக்கெட்டைத் தட்டுக்கடியில் வைத்து இவள் கையால் தயிர்சாதம் சாப்பிட்டால் அரியர் விழாது என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டிருந்தான். பரீட்சை வந்தால் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து பயந்துகொண்டே சாப்பிடுவார்கள். நிறைவுமானிக்குப் பரீட்சை தெரியுமா? அந்தப் பயத்தையெல்லாம் தயிர்சாதத்தின் தலையில் கட்டியது.

"பரீட்சை முடியறவரைக்கும் பசங்களை உள்ள விடாதீங்கக்கா," என்றார் இருபது வருஷமாக அவளோடு சமைக்கும் இருதயராஜ். "டூரிஸ்ட் போதும்."

"பசியோட அனுப்பச் சொல்றீங்களா?"

"நாம மரமாயிட்டா யாருக்குச் சோறு போடுவீங்க?"

மனசேயில்லாமல், பரீட்சை முடியும்வரை மாணவர்களுக்கு இடமில்லை என்று வாசலில் பலகை மாட்டினாள். மூன்றே நாளில் மெஸ் தொண்ணூற்றாறைத் தொட்டது. சுற்றுலாக் கூட்டம் வரிசை கட்டியது. அவளுக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை ஒன்பதரைக்கு நவீனா ஓடிவந்தாள். மூன்று வருஷமாக இங்கே சாப்பிட்ட பெண்.

"சாப்பாடு வேணாங்க்கா. ஹால் எங்க இருக்கு? பத்து மணிக்குப் பரீட்சை. எப்படிப் போனாலும் உங்க மெஸ்ஸுக்கே வந்து நிக்கிறேன்!"

"எதிர்லதானேம்மா..." என்று கைகாட்டிய பரிபூரணம் அப்படியே நின்றாள்.

எதிரே வெறும் மரங்கள்.

இங்கே உட்கார்ந்து கொஞ்சமாவது ஆறுகிற பயம், மூன்று நாளாக வெறும் வயிற்றோடு நேரே மண்டபத்துக்குப் போயிருக்கிறது. மண்டபமும் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. தெருவில் பத்திருபது பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நவீனாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் முன்னால் துழாவியபடி சாலையில் இறங்கினாள். படிக்கட்டு இடப்பக்கமா, வலப்பக்கமா? தினமும் பார்த்ததுதான், ஞாபகம் வரவில்லை.

கண்ணுக்குள் பச்சை எழுத்து ஓடியது: 'இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. திரும்புங்கள். இவ்வட்டாரத்தின் மிகச் சிறந்த உணவகம் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது.'